கோணேசர் மலையா, கன்னியாவா, புல்மோட்டை மணலா?

பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கிறேன். லீவுக்குத் திருமலை வந்தால் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "கல்லைப் படிச்சு என்னடா செய்யப்போறாய்?" இந்த முறை வாயால் பதில் சொல்லாமல் எதையாவது காட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அம்மாவின் சங்கத்துப் பெண்கள், ஓட்டோ ஓடுகிற சித்தப்பா, யார் வந்தாலும் சரி. எங்கே கூட்டிப்போவது என்பதில்தான் இழுபறி. மூன்று இடங்களிலும் செய்து பார்த்துவிட்டேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புல்மோட்டை மணல்.

கோணேசர் மலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை வாசலால் ஏறி, மான்களைத் தாண்டிப் போனால் இலங்கையின் மிகப் பழைய பாறைகளில் ஒன்றின் மேல் நிற்கலாம். பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், சூட்டிலும் அமுக்கத்திலும் உருமாறிய பாறை அது. இராவணன் வெட்டு என்று சொல்கிற மலைப் பிளவைக் காட்டிப் பாறை வெடிப்புகளைப் பற்றிக் கதைக்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் கும்பிட வருகிறார்கள். காற்று வேறு பேச்சைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போகிறது. 50 கோடி என்றதும் சித்தப்பா, "லொத்தரே?" என்று கேட்டார். அதோடு விட்டேன்.

கன்னியா நல்ல இடம். நகரத்திலிருந்து 8 கிலோமீற்றர் அளவுதான், அனுராதபுரம் வீதியில். சில அடி இடைவெளிகளில் 7 வெந்நீர்க் கிணறுகள். ஒன்று வெதுவெதுப்பு, பக்கத்தில் உள்ளது அதைவிடச் சூடு. வெப்பமானியை இறக்கினால் 40 பாகைக்கு அங்கிங்கே நிற்கும். "கீழ எரிமலை இருக்கோ?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது. கிலோமீற்றருக்கு 25, 30 பாகை என்று கீழே சூடு கூடிக்கொண்டே போகும். சூடான தண்ணீர் வேறொரு வெடிப்பால், ஆறுவதற்கு முன் மேலே வந்துவிடுகிறது.

இதை நான் சொல்லி முடிக்கும்வரை, தோய்ந்த தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா: "தம்பி, இராவணன் தாய்க்குக் கடன் செய்ய வாளால குத்தினவன் எண்டு எங்கட ஆச்சி சொல்லுவா. நீங்க வெடிப்பு எண்டுறீங்கள். ரெண்டையும் ஆர் கண்டது?"

நியாயமான கேள்வி. வெப்பமானி சூடு எவ்வளவு என்று சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஒரு கிலோமீற்றர் ஆழத்தை வாளியில் அள்ளிக் காட்டவும் முடியாது. அந்த இடத்தில் நானும் கதை சொல்கிற ஆள்தான், என் கதையில் இராவணன் இல்லை, அவ்வளவே. இது போதாதென்று கன்னியாவில் இன்னொரு சங்கடம்: எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தில் "இது ஆருடைய இடம்" என்பதில் போய் நிற்கும். அதைத் தீர்க்கிற படிப்பு என் படிப்பில்லை.

அந்த அம்மாவின் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் புல்மோட்டைக்குப் போனேன். வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கிய ஊர். அரச கம்பனி இன்றும் அங்கே மணல் எடுக்கிறது. கரையில் அலை வந்து திரும்பிய கோட்டில் கறுப்பு மணல் மை ஊற்றினதுபோலக் கிடக்கும். நான் கொண்டுபோனவை இரண்டு யோகட் கப், ஒரு பழைய காந்தம்.

ஒரு கப்பில் வெள்ளை மணல், மற்றதில் கறுப்பு, இரண்டிலும் விளிம்புவரை. "கையில வாங்குங்கோ" என்றேன். கறுப்பை வாங்கிய கை சட்டென்று இறங்கியது. வெள்ளை பெரும்பாலும் படிகக்கல். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல 2.65 மடங்கு. கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட் என்ற இரும்பு கலந்த கனியம், அது 4.7ஐ ஒட்டி. இலக்கங்களை நான் பிறகுதான் சொன்னேன், அப்போது அவை யாருக்கும் தேவைப்படவில்லை.

சங்கத்துப் பெண்களில் ஒருவர் இரண்டாம் முறை வரும்போது வீட்டு அரிக்கன்சட்டியைக் கொண்டுவந்துவிட்டா. கலந்த மணலைப் போட்டு, கடல் தண்ணீர் விட்டு, அரிசி அரிக்கிற அதே சுழற்றல். வெள்ளை தண்ணீரோடு போனது, கறுப்பு சட்டியின் வரிகளில் தங்கியது. "அரிசி போகும், கல்லு நிக்கும். இதென்ன புதுசே?" என்றா. கடலும் இதைத்தான் செய்கிறது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். நாட்டின் நடுவிலுள்ள பழைய பாறைகள் உக்கி, ஆறுகளால் கடலுக்கு வந்த மணலை அலை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

காந்தத்தில் சறுக்கினேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது நாலைந்து மணியைத்தான் இழுத்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். இல்மனைட்டுக்குக் காந்த ஈர்ப்புக் குறைவு. பழுதான ஹாட் டிஸ்க்கைத் திறந்து எடுத்த காந்தம்தான் வேலை செய்தது. அதைப் பொலித்தீன் பைக்குள் வைத்துத் தோய்க்க வேண்டும். காந்தத்தை வெளியே எடுத்தால் மணிகள் தானாகக் கொட்டும். பை இல்லாமல் செய்தால் ஒரு மணித்தியாலம் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும்.

காந்தம் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. பத்து வயதுப் பெடியன் மிச்சத்தைக் கிளறிக்கொண்டே, "இதில இரும்பு இல்லையோ அண்ணா?" என்றான். காந்தத்தில் ஒட்டாத சேர்க்கோன், ரூட்டைல் என்ற கனியங்களின் பெயர்களை நான் இன்னும் வாயால் எடுக்கவேயில்லை. கறுப்பு மணலிலிருந்துதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற் வருகிறது என்று சொன்னபோது அதை மட்டும் அவன் நம்பவில்லை. காட்ட முடியாததை நம்பாமல் விட்டது எனக்குச் சந்தோசம்.

என் முடிவு இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. மற்ற இரண்டு இடங்களிலும் சாட்சி நிலத்துக்கு அடியிலோ கோடி ஆண்டுகளுக்கு அப்பாலோ இருக்கிறது. மணலில் அது உள்ளங்கையில் இருக்கிறது, நான் இல்லாத நாளிலும் அவர்களே செய்து பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. பஸ்ஸில் போய்வர ஒரு நாள் போய்விடும், வெயிலுக்கு ஒதுங்க இடம் தேட வேண்டும். மணலை வீட்டுக்கு அள்ளிவரக் கூடாது. பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிடுங்கள். நான் போனது இரண்டு முறைதான், இரண்டும் ஓகஸ்டில். மாரியில் கடல் அடிக்கிற காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு போகச் சொல்லமாட்டேன். வயதானவர்கள் கூட வந்தால் கன்னியாதான் வசதி, தோய்ந்துவிட்டாவது வரலாம்.

தூரத்துக்கு ஒரு வழி போன கிழமை அகப்பட்டது. நகரத்துக்குப் பக்கத்திலுள்ள உப்புவெளிக் கரையில், அலைக்கோட்டை ஒட்டி ஒரு விரல் அகலத்தில் கறுப்பாக ஒரு கீற்று. பையைச் சுற்றிய காந்தத்தை வைத்தேன். நகக்கண் அளவு ஒட்டியது.