ரத்தம் எடுக்க வீட்டுக்கே வருகிறார்கள், ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லத்தான் ஆளில்லை

லண்டனிலிருந்து தஞ்சாவூர் போயிருந்தபோது மாமாவுக்கு லிவர் டெஸ்ட் எடுக்க வேண்டி வந்தது. வயது 58, பல வருஷமாகச் சர்க்கரை, குடிப்பழக்கம் கிடையாது. கொஞ்ச நாளாகவே ஒரே அசதி என்று அத்தை புலம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லேபுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டதும், மறுநாள் காலை காபிக்கு முன்பே ஒரு தம்பி டூ வீலரில் வந்து நின்றார். மஞ்சள் மூடிக் குழாயில் கொஞ்சம், ஊதா மூடியில் கொஞ்சம் எடுத்து, குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஐஸ் பேக் பெட்டியில் வைத்தார். இந்தப் பக்குவம் முக்கியம், ஏனென்றால் குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலிருக்கும் எஸ்ஜிஓடியும் (லிவர் டெஸ்டில் பார்க்கும் ஒரு என்சைம், ஏஎஸ்டி என்றும் சொல்வார்கள்) வெளியே வந்து கணக்கு பொய்யாக ஏறிவிடும். மதியத்துக்குள் பிடிஎஃப் வந்துவிட்டது, செலவு சில நூறு ரூபாய்தான்.

வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான். எஸ்ஜிஓடி 62, இன்னொரு லிவர் என்சைமான எஸ்ஜிபிடி 48, இரண்டும் தடித்த எழுத்தில். லேபுக்கு போன் போட்டால் "லேசாத்தான் சார் ஏறியிருக்கு, பயப்படாதீங்க" என்றார்கள். மருந்துக்கடையில் ரிப்போர்ட்டைக் காட்டிய உடனே ஒரு லிவர் டானிக் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்கள், பக்கத்து வீட்டு அம்மா கீழாநெல்லி அரைத்துத் தரேன் என்றார். மாஸ்டர் செக்கப் என்று தெருவுக்குத் தெரு போர்டு வைத்துப் பக்கம் பக்கமாக எண்களை அச்சடித்துத் தருகிறார்கள், அதையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை.

அந்த வேலையைச் செய்தவர், டோக்கன் வாங்கி வெகுநேரம் காத்திருந்து பார்த்த கல்லீரல் டாக்டர்தான். தடித்த எழுத்தை விட்டுவிட்டு நேராகப் பிளேட்லெட்டுக்குப் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) போனார்: 1.6 லட்சம். "ஐயா, தண்ணி போடுவீங்களா? நாட்டு மருந்து ஏதாச்சும்?" எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மதுவின் மேல்தான் முதல் சந்தேகம் வருமாம், மாமாவுக்கு அவ்வளவு இல்லை. (ஆனாலும் அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார்.) அப்புறம் போனில் ஒரு கணக்குப் போட்டார், ஃபிப்-4 என்று பெயர்: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் (ஆயிரக் கணக்கில், 1.6 லட்சம் என்றால் 160) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுப்பது. 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-ஐத் தாண்டினால் விடக்கூடாது. மாமாவுக்கு 3.2.

என்சைம் ஏறினால் கல்லீரல் செல் அடிபடுகிறது என்று தெரியும், எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதை அது தனியாகச் சொல்லாது, முற்றிய சிரோசிஸிலேயே (கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போவது) சிலருக்கு நார்மலாக இருக்கும் என்றார். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ், ஸ்கேனில் கொழுப்பு, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு இருப்பது உறுதியானது. சிரோசிஸ் அளவுக்குப் போகவில்லை. சர்க்கரையையும் எடையையும் குறைக்கச் சொல்லி, டானிக், கீழாநெல்லி எதுவும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஊருக்குப் போய் டெஸ்ட் எடுக்கிறவர்கள் லிவர் டெஸ்டோடு பிளேட்லெட்டும் சேர்த்து எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஊர் ரிப்போர்ட்டில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) மில்லிகிராமில் இருக்கும், பிரிட்டனில் மைக்ரோமோல், 17.1-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இங்கே பிரிட்டனில் பல லேபுகள் ஏஎல்டி, அதாவது எஸ்ஜிபிடி மட்டும்தான் பார்க்கும். ஃபிப்-4 போட ஏஎஸ்டியும் வேண்டும், ஜிபியிடம் (இங்கே நம் குடும்ப டாக்டர்) கேட்டு வாங்குங்கள்.