எலிக்ஸிரில் மின்னஞ்சல் அனுப்ப ஸ்வூஷ்

எலிக்ஸிர் நிரல்மொழியில் எழுதும் நிரலிலிருந்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால் நான் யோசிக்காமல் எடுப்பது ஸ்வூஷ் நூலகத்தைத்தான். எலிக்ஸிரின் வலைச் சட்டகமான பீனிக்ஸில், 2021-இல் வெளிவந்த 1.6 பதிப்பு முதல், புதிய திட்டத்தைத் தொடங்கும்போதே இது கூடவே வந்துவிடுகிறது. ஆனால் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு: கடிதம் எழுதுவதையும் அதை அனுப்புவதையும் இது கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது.

இதில் மின்னஞ்சல் என்பது ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பெயரிட்ட புலங்கள் கொண்ட தரவுத் தொகுப்பு, அவ்வளவுதான். பெறுநர், அனுப்புநர், பொருள், உள்ளடக்கம் என ஒவ்வொன்றையும், ஒரு படியின் விளைவை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் குறியால் கோத்துக்கொண்டே போகலாம். முழுக் கடிதம் தயாரான பிறகும் ஒரு பைட்கூட வெளியே போயிருக்காது. அனுப்பும் பொறுப்பை ஏற்கும் மெயிலர் மாட்யூலின் டெலிவர் ஃபங்ஷனை அழைக்கும் அந்த ஒரு வரியில்தான் அனுப்பும் வேலை நடக்கிறது. எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் நெறிமுறை, மெயில்கன், போஸ்ட்மார்க் போன்ற அஞ்சல் சேவைகள் என எந்த வழிக்கு மாறினாலும் கடிதம் எழுதும் நிரலைத் தொட வேண்டியதில்லை. அந்தந்த வழியோடு பேசும் பகுதியான அடாப்டரையும் அதற்கான அமைப்புகளையும் மாற்றினால் போதும்.

இதன் அருமை சோதனை எழுதும்போது தெரியும். கடவுச்சொல்லை மறந்தவருக்குப் போகும் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் அடாப்டரை வைத்தால், சோதனையை ஓட்டும் ப்ராசஸுக்கே (எலிக்ஸிரில் தனித்து இயங்கும் பணி) அது ஒரு செய்தியாக வந்து விழுகிறது. முகவரி சரியா, கடிதத்திலுள்ள லிங்க்கில் ரகசியக் குறியீடான டோக்கன் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். போலி செர்வர் எதையும் எழுப்ப வேண்டாம். லோக்கல் அடாப்டரோ அனுப்பிய கடிதங்களை பிரவுசரில் ஓர் அஞ்சல் பெட்டியாகக் காட்டுகிறது. நினைவகத்தில் மட்டும் இருப்பதால், செர்வரை நிறுத்தினால் அவை போய்விடும்.

எனக்குள்ள பெரிய குறை, பின்னணியில் அனுப்பும் வசதி இதில் இல்லை என்பதுதான். இதே வேலைக்கான பாம்பூ நூலகத்தில் அதற்கென டெலிவர் லேட்டர் ஃபங்ஷன் உண்டு. இங்கே செர்வரின் பதில் வரும்வரை டெலிவர் காத்திருக்கும். பொத்தானை அழுத்திய பயனரும் காத்திருப்பார். தனியாக ஓடும் டாஸ்க்கில் போட்டால் காத்திருப்பு தீரும், ஆனால் நிரல் நடுவில் நின்றால் கடிதம் தொலைந்துவிடும். முக்கியமான கடிதங்களை நான், பின்னணி வேலைகளை வரிசையில் வைத்து ஓட்டும் ஓபான் நூலகத்தில் வேலையாகப் பதிகிறேன். டேட்டாபேஸில் இருப்பதால், தோற்றாலும் மறுபடி முயலும்.

எஸ்எம்டிபி வழியில் போகிறவர்கள், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் அமைப்பைக் கவனியுங்கள். எலிக்ஸிர் இயங்கும் தளமான எர்லாங் ஓடிபியின் 2023-இல் வந்த 26-ஆம் பதிப்பு, எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்ப்பதை இயல்புநிலையாக்கிவிட்டது. சான்றிதழ்த் தொகுப்பையும் செர்வரின் பெயரையும் முறையாகக் கொடுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். உங்கள் அஞ்சல் கணக்கின் கடவுச்சொல் போவது அந்த இணைப்பில்தான்.