குரோட்டன்ஸா, கோலியஸா, கலேடியமா?

எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் இலை கலராக இருந்தால் எல்லாமே குரோட்டன்ஸ்தான். நர்சரியிலும் அப்படியே கேட்டு வாங்கி, நிழல் செடியை வெயிலில் வைத்துக் கருகவிட்டு, 'எனக்குக் கைராசி இல்லை' என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. தவறு கையில் இல்லை, வைத்த இடத்தில்.

அசல் குரோட்டன்ஸ் இந்தோனேசியா, மலேசியா பக்கத்துச் செடி, ஆமணக்குக் குடும்பம். நல்ல வெயில் பட்டால்தான் மஞ்சளும் சிவப்பும் ஏறும். திண்ணை நிழலில் புது இலை பச்சையாகவே வரும். இடம் மாற்றினால் இலையைக் கொட்டும். பயப்படாமல் அளவாகத் தண்ணீர் விட்டால் மறுபடி தளிர்க்கும். ஒடித்தால் வடியும் பால் சிலருக்கு அரிக்கும்.

கோலியஸ் நேர் எதிர். உச்சிவெயிலில் துவண்டுவிடும், காலை வெயில் மட்டும் விழும் முற்றத்து ஓரம் போதும். துளசிக் குடும்பம் என்பதால் தண்டு சதுரமாக இருக்கும், விரலால் உருட்டிப் பாருங்கள். பூக்கதிரைக் கிள்ளிவிட்டால் புதர் கட்டும். நுனியை ஒடித்து டம்ளர் தண்ணீரில் போட்டால் பத்து நாளில் வேர்.

அப்புறம் கலேடியம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த, சேம்புக்கு உறவான செடி. வெள்ளை இலையில் பச்சை நரம்போடு, விடிகாலையில் நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்க நிற்கும்போது அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் மார்கழிப் பனியில் இலை ஒவ்வொன்றாகச் சாய்ந்து தொட்டி வெறுமையாகிவிடும். முதல் வருஷம் செத்துவிட்டது என்று நினைத்து மண்ணைக் கொல்லையில் வாழையடியில் கொட்டினேன். கோடை மழை பெய்த மறுவாரம் அங்கே சுருட்டிய இலைகள் எட்டிப்பார்த்தன! கிழங்கு தூங்கத்தான் போகிறது. அந்த மாதங்களில் தண்ணீர் விட்டால் அழுகிவிடும். பார்க்கச் சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும், சமைத்துவிடாதீர்கள். வாயும் நாக்கும் வீங்கி எரியும்.

மூன்றுக்குமே நம் வண்டல் களிமண்ணை அப்படியே தொட்டியில் போடக்கூடாது. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்தே ஆகவேண்டும்.

வெயில் விழும் வாசலுக்குக் குரோட்டன்ஸைத் தவிர வேறு வேண்டாம். நிழல் வீட்டுக்கு என் ஓட்டு கலேடியத்துக்கே. சில மாதம் வெறும் தொட்டியைப் பார்க்க முடியாது என்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு கோலியஸ் நுனி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.