மில்லின் சுயசரிதை: எந்தப் பதிப்பு, எங்கே தொடங்குவது

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையை வாங்குமுன் பதிப்பைப் பாருங்கள். அவர் இறந்த 1873-லேயே, மனைவியின் மகள் ஹெலன் டெய்லர் வெளியிட்ட முதல் பதிப்பில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. கையெழுத்துப் பிரதியிலிருந்து 1924-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் கொண்டுவந்த பதிப்பில் அந்தக் குறை இல்லை. பழைய உரையை அப்படியே மறுஅச்சு செய்த மலிவுப் பிரதிகள் வேண்டாம்.

மொத்தம் ஏழு அத்தியாயங்கள். முதலாவதிலேயே பலர் மலைத்து நின்றுவிடுவார்கள்: மூன்று வயதில் கிரேக்கம், எட்டில் லத்தீன். பட்டியலைத் தாண்டி முறையைக் கவனித்தால் சுவை தெரியும். படித்ததைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை நடையில் அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும். பதின்மூன்று வயதில் பொருளாதாரமும் அப்படித்தான்: நடக்கும்போது அப்பா விளக்குவார், பையன் எழுதி வருவான், தெளிவு வரும்வரை திருப்பித் திருப்பி எழுத வைப்பார். அம்மா? நூல் முழுக்க ஒரு வரிகூட இல்லை.

ஐந்தாம் அத்தியாயத்துக்காகவே இதை வாங்கலாம். 1826 இலையுதிர் காலம், மில்லுக்கு இருபது வயது. ஆசைப்பட்ட சீர்திருத்தமெல்லாம் இந்த நொடியே நிறைவேறினால் மகிழ்வாயா என்று தன்னையே கேட்கிறார். இல்லை என்று பதில் வருகிறது. மிக அதிகமானோருக்கு மிக அதிக இன்பம் தருவதே சரி என்ற, தத்துவவாதி ஜெரமி பெந்தாமின் பயன்பாட்டுவாதத்தில் வளர்ந்தவருக்கு அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது. எதையும் பகுத்துப் பார்க்கும் பழக்கம் உணர்ச்சியை அரித்துவிடும் என்பது அவர் கண்டுபிடித்த காரணம். இன்பத்தைக் குறிவைத்தால் கிட்டாது, வேறொன்றில் மூழ்கியிருக்கும்போது தானே வரும் என்ற முடிவுக்கும் அங்கேதான் வருகிறார். ஸ்வரங்கள் கொஞ்சம்தானே, மெட்டுகள் தீர்ந்துபோய்விடுமோ என்றும் அப்போது கவலைப்பட்டாராம்! பெந்தாமை மட்டும் படித்துவிட்டு மில்லுக்கு வருபவர்கள் இந்த அத்தியாயத்தில் தொடங்குவதே நல்லது.

ஏழாவதுதான் சிக்கல். முப்பது ஆண்டுகளை ஒரே அத்தியாயத்தில் அடைத்திருக்கிறார். மனைவி ஹாரியட் பற்றிய புகழுரை நீளம். கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர், இந்தியாவைப் பற்றிச் சொல்வது சொற்பம். ஆனால் அவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட 1865 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தல் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். தொழிலாளர்கள் பெரும்பாலும் பொய்யர்கள் என்று எழுதியது நீங்கள்தானா என்று தொழிலாளர்கள் நிறைந்த கூட்டத்திலேயே கேட்கிறார்கள். “ஆமாம்” என்கிறார். கைதட்டல் அதிர்கிறது.

ஆய்வுக்கென்றால், டொரண்டோ பல்கலைக்கழகம் வெளியிட்ட மில் படைப்புகளின் முழுத் தொகுப்பில் முதல் தொகுதி. முதல் வரைவும் இறுதி உரையும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். வெறும் வாசிப்புக்கு அது கனம் அதிகம்.