மூன்று டிவிடிகளில் வஹீதா ரஹ்மான்

வஹீதா ரஹ்மான் நடித்த ‘பியாசா’ (1957), ‘காகஸ் கே ஃபூல்’ (1959), ‘கைட்’ (1965) ஆகிய மூன்று இந்திப் படங்களும் அடங்கிய டிவிடி தொகுப்பு ஒன்றை வாங்கி, ஒரு வார இரவுகளில் முழுமையாகப் பார்த்தேன். செங்கல்பட்டில் 1938இல் பிறந்து, பரதநாட்டியம் பயின்று, ‘ரோஜுலு மாராயி’ என்ற தெலுங்குப் படத்தில் ஆடிய ஒரே பாடலால் கவனம் பெற்று, இயக்குநரும் நடிகருமான குரு தத் தயாரித்த ‘சி.ஐ.டி.’ (1956) வழியாக பம்பாய்த் திரையுலகில் நுழைந்தவர் அவர். பெயரை மாற்றிக்கொள்ள மறுத்ததோடு, தமக்குப் பிடிக்காத உடையை அணிய மாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்ன அந்தப் பதின்வயதுப் பெண்ணின் உறுதி, இம்மூன்று படங்களிலும் தெரிகிறது.

மூன்றில் ‘பியாசா’ தட்டே மிகச் சிறப்பாக அமைந்திருக்கிறது. மொட்டைமாடியில் நிற்கும் கவிஞன் விஜயை நோக்கி, வஹீதா ஏற்ற குலாபோ படியேறி வரும் பாடலில், கீழே தெருவில் ஒருத்தி பக்திப் பாடல் பாட, குலாபோ அவன் முதுகருகே வந்து, தொடத் துணியாமல் திரும்பிவிடுகிறாள். உதடு அசையாத அந்த முகத்தில் ஆசையும் கூச்சமும் மாறி மாறி வருவதை, கண்ணிமையின் துடிப்பு வரை இப்பிரதி தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் பாடல் தொடங்கியதும் ஆங்கிலத் துணையுரை நின்றுவிடுகிறது. சாஹிர் லூதியான்வியின் வரிகளே கதையின் உயிராக இருக்கும் படத்தில், இந்தி அறியாத நம்மவர்களுக்கு இது பெரிய இழப்பு.

‘காகஸ் கே ஃபூல்’ தட்டை என்னால் மன்னிக்க இயலவில்லை. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான இதைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அளவுக்கு இருபுறமும் வெட்டியிருக்கிறார்கள். வெறிச்சோடிய படப்பிடிப்புத் தளத்தில், ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி கண்ணாடிகளைக் கொண்டு சூரிய ஒளியைத் திருப்பி உருவாக்கிய கற்றையின் இரு பக்கமும் குரு தத்தும் வஹீதாவும் விலகி நிற்க, கீதா தத்தின் குரல் ஒலிக்கும் காட்சியில், அவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் அவர்களின் துயரம். இங்கே ஒருவர் தெரிந்தால் மற்றவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

‘கைட்’ படத்தின் வண்ணம் சில இடங்களில் செம்மை தூக்கலாக இருந்தாலும், பாம்பாட்டிகளின் நடுவே ரோஸியாக வஹீதா ஆடும் நடனத்துக்காகவே இத்தட்டை வைத்துக்கொள்ளலாம். கணவன் இல்லாத நேரத்தில், பல காலம் அடக்கி வைத்திருந்த கலை ஒரே மூச்சில் வெளிப்படுவதை, வசனமே இல்லாமல் உடலால் உணர்த்துகிறார். சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதை அவருக்கு முதன்முதலில் பெற்றுத் தந்ததும் இப்படமே.

உடன் வரும் சிறு கையேடு இவ்விருதோடு நின்றுவிடுகிறது. ‘ரேஷ்மா ஔர் ஷேரா’வுக்காக அவர் பெற்ற தேசிய விருதும், 2021ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அதில் இடம்பெறவில்லை. ‘காகஸ் கே ஃபூல்’ தட்டை மட்டுமாவது முழு அகலப் பிரதியிலிருந்து மீண்டும் பதித்துத் தருமாறு வெளியீட்டாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.