முள் 29.5 காட்டியது, தண்ணீர் அசையவே இல்லை

காற்றை உறிஞ்சும் பம்ப், மூடி போட்ட சேம்பர், வேக்குவத்தை முள்ளால் காட்டும் கேஜ், ஹோஸ் எல்லாம் சேர்த்து ‘நகை வார்ப்புக்கு முழு வேக்குவம் செட்’ என்று ஒரே பெட்டியில் ஆன்லைனில் விற்கிறார்களே, அதை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கி ஏமாந்தேன். ஏமாந்தது தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று.

வெள்ளியில் சின்னச் சின்ன மோதிரம், தொங்கட்டான் வீட்டில் செய்கிறேன். மெழுகில் மாதிரி செதுக்கி, பிளாஸ்க் என்ற உலோக உருளைக்குள் நிறுத்தி, சூடு தாங்கும் அச்சு மாவான இன்வெஸ்ட்மென்ட் பவுடரைக் கரைத்து ஊற்றி, மெழுகை எரித்து எடுத்து, அந்தக் குழிக்குள் வெள்ளியை ஊற்றும் வேலை. இதில் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், இரண்டு இடத்தில் வேண்டும். கரைத்த மாவிலிருந்து காற்றுக் குமிழை எடுக்க ஒரு முறை. உருக்கிய உலோகம் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்ப, பிளாஸ்கின் அடியிலிருந்து உறிஞ்ச இன்னொரு முறை. ஒவ்வொரு சாமானாக வாங்கி நானே கோர்ப்பதாகத்தான் இருந்தேன். ‘பொருந்துமா பொருந்தாதா என்ற தலைவலி வேண்டாம் சார், எல்லாம் செக் பண்ணி அனுப்புறோம்’ என்றார் விற்றவர். சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்த விலை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

பெட்டி வந்தது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பம்பைப் போட்டதும் முள் விறுவிறுவென்று ஏறி 29.5 இன்ச்சில் நின்றது. கடல் மட்டத்தில் காற்றின் முழு அழுத்தமே 29.92 இன்ச் பாதரசம்தான். அதில் 29.5 உறிஞ்சி எடுத்தாயிற்று என்றால் வேறென்ன வேண்டும்? படம் எடுத்து, நல்ல மதிப்புரையும் எழுதி, ஐந்து நட்சத்திரமும் போட்டேன். அதை நம்பி யாராவது வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

முதல் வார்ப்பில் மோதிரம் முழுக்க வேர்க்குரு மாதிரி வெள்ளிப் பொட்டுகள். கல்லைப் பிடிக்கும் நான்கு முள்ளில் இரண்டு பாதியோடு நின்றுபோயிருந்தன. பொட்டு வந்தால் மாவில் குமிழ் இருந்திருக்கிறது என்று அர்த்தம். கல் பிடிக்கும் முள் நிரம்பவில்லை என்றால் உறிஞ்சும் பலம் போதவில்லை, அல்லது உலோகமோ பிளாஸ்கோ சூடு குறைவு. கேஜ்தான் 29.5 காட்டுகிறதே, அதனால் தப்பு என்னுடையது என்றே எடுத்துக்கொண்டேன். நூறு கிராம் பவுடருக்கு 40 மில்லி தண்ணீர் என்பதைத் தராசில் வைத்து அளந்தேன். பவுடர் தண்ணீரைத் தொட்டதிலிருந்து ஒன்பது நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று கடிகாரத்தை எதிரில் வைத்தேன். சூளையை 730 டிகிரி வரை ஏற்றி நிறுத்தி, பிறகு இறக்கினேன். வெள்ளியை இன்னும் கொஞ்சம் சூடாக்கி ஊற்றினேன். நான்கு மோதிரம் போயிற்று. எல்லாவற்றிலும் அதே வேர்க்குரு.

ஒன்றை அப்போதே கவனித்திருக்க வேண்டும். நல்ல வேக்குவத்தில் மாவு பால் பொங்குவதுபோல மேலே எழும்பும். பிறகு சட்டென்று அமுங்கி, தளதளவென்று கொதிக்கும். எனக்கு லேசாக உப்பியதோடு சரி. வழியாமல் இருக்கிறதே, நமக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்!

ஐந்தாவது முறைக்கு முன்னால்தான் புத்தி வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை சேம்பருக்குள் வைத்து மூடினேன். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர், உள்ளே மிச்சம் இருக்கும் அழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போனால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். கேஜ் கணக்கில் அது ஏறக்குறைய 29 இன்ச். முள் 29.5ஐத் தொட்டது. தண்ணீர் சும்மா உட்கார்ந்திருந்தது. டம்ளர் ஓரத்தில் கடுகு மாதிரி சில குமிழ்கள் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. கொதித்தால் பெரிய குமிழ்கள் அடியிலிருந்து உருண்டு வரும், பார்த்தாலே தெரியும்.

அடுத்து 70 டிகிரி வெந்நீரை ஊற்றி, ஒரு தெர்மாமீட்டரைச் சாய்த்து வைத்து மூடினேன். பம்ப் ஓட ஓட மடமடவென்று கொதித்தது. கொதிக்கக் கொதிக்கச் சூடும் இறங்கியது, ஏனென்றால் ஆவி தன்னோடு சூட்டை எடுத்துப்போகிறது. 50 டிகிரி பக்கம் வந்ததும் கொதி அடங்கியது. 50 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 92 மில்லிமீட்டர். அப்படியானால் உள்ளே உண்மையில் இருந்த வேக்குவம் கேஜ் கணக்கில் 26 இன்ச் சொச்சம்தான். மூன்று இன்ச்சுக்கும் மேல் முள் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது.

கேஜைக் கழற்றி, முன் கண்ணாடியை நெம்பி எடுத்தேன். உள்ளே முள்ளை இழுக்கும் சின்னக் கம்பியை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். சேம்பர் திறந்திருக்கும்போது முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நிற்கும், காற்றை உறிஞ்சினால் இருப்பதைவிடக் கூடுதலாக ஓடும்!

அப்புறம் ஒவ்வொன்றையும் துருவினேன். பம்பின் ‘இரண்டு நிலை’ (இரண்டு கட்டமாக உறிஞ்சி இன்னும் ஆழமான வேக்குவம் தரும் வகை) ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் இன்னொன்று: ‘ஒரு நிலை’. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வேலைக்கு நல்ல நிலையில் உள்ள ஒரு நிலை பம்பே தாராளம். பொய் சொல்ல அவசியமே இல்லை. ஆனால் இது தேய்ந்த பழைய பம்ப். திருகுத் தலைகளில் புது பெயின்டுக்குக் கீழே பழைய நிறம் தெரிந்தது, வடித்த எண்ணெய் கறுப்பாக வந்தது.

எனக்குக் கைநடுங்க வைத்தது மூடிதான். 25 மில்லிமீட்டர் அக்ரிலிக் என்று சொன்னார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கனம் இருக்கும். உண்மையில் 12 மில்லிமீட்டர் தகடு, சுற்றிலும் அதே கனத்தில் ஒரு வளையத்தை ஒட்டியிருக்கிறார்கள். 25 சென்டிமீட்டர் அகல மூடிமேல் முழு வேக்குவத்தில் காற்று 500 கிலோ எடையோடு உட்காரும். பம்ப் ஓடும்போது குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் பள்ளம், அடியில் வெளிச்சம் தெரிந்தது. போதாக்குறைக்கு, ‘தின்னர் போட்டுத் துடைங்க சார், பளிச்சுனு இருக்கும்’ என்று அவரே சொல்லியிருந்தார். தின்னரும் ஸ்பிரிட்டும் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும். என் மூடியில் மூன்று விழுந்திருந்தன. அதன்மேல் முகத்தை வைத்துத்தான் இரண்டு மாதமாகக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தேன். (பவுடர் கரைக்கும்போது சிலிக்கா தூசுக்கு மாஸ்க் ஒழுங்காகப் போட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி போடத் தோன்றவே இல்லை.)

வார்ப்புக்குத் தந்த ‘சூடு தாங்கும்’ சிலிக்கான் பேட், 500 டிகிரி பிளாஸ்கை வைத்ததும் கருகி டயர் நாற்றம் அடித்தது. அது சாதாரண ரப்பர்.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் ‘லீக் இருக்கும் சார்’. சேம்பரையே கழற்றிவிட்டு, நண்பரிடம் வாங்கிய கேஜை நேராகப் பம்பின் வாயில் மாட்டிக் காட்டினேன், அப்போதும் 26தான். பிறகு ‘தண்ணி வெச்சு ஓட்டினதால ஆயில் கெட்டுப்போச்சு’ என்றார். நீராவி போனால் எண்ணெய் பால் மாதிரி வெளுத்து பம்ப் மந்தமாகும் என்பது உண்மைதான். அதனால் புது எண்ணெய் மாற்றி, சூடேற ஓடவிட்டு மறுபடி பார்த்தேன். அதே 26. கடைசியில், ‘கேஜைத் திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு’. அதன்பின் பதிலே இல்லை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தால், திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது என்றார்கள். அந்தக் கெடுவைத்தான் நான் என் கைப்பக்குவத்தைக் குறை சொல்லியே கழித்திருந்தேன்.

வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள், சாதாரணத் தண்ணீரோடு ஒரு வீடியோ கேளுங்கள்: டம்ளருக்குள் தெர்மாமீட்டர் தெரிய வேண்டும், பம்ப் போடுவதிலிருந்து தண்ணீர் கொதிக்கும்வரை வெட்டாமல் ஓட வேண்டும். கேஜ் படம் வேண்டாம். பெட்டி வந்த அன்றே நீங்களும் அதைச் செய்து பாருங்கள், பிறகு எண்ணெயை மாற்றிவிடுங்கள். நீங்கள் இருப்பது மலைப்பகுதி என்றால் கேஜில் 29 வராது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றே சுமார் 26.5 இன்ச்தான். ஆனால் தண்ணீர் கொதிக்க வேண்டிய கணக்கு அங்கும் அதேதான்.

போன வாரம் அதே செட் வேறு கடைப் பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே படம், கேஜ் கண்ணாடியில் படம் எடுத்தவரின் பச்சைச் சட்டை தெரிகிறது. என் தம்பியின் கணக்கிலிருந்து தண்ணீர் வீடியோ கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: ‘தண்ணி எல்லாம் இந்த பம்புக்கு ஆகாது சார். கேஜ் போட்டோ அனுப்பட்டுமா?’