தாழ்த்திய வண்டியில் டபுள்ஸ்: கேணிக்கரையிலிருந்து அரிச்சல்முனை வரை

டபுள்ஸ் போகிற வண்டியின் ஷாக்கை, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கை, பின்னால் ஆளை ஏற்றி உட்கார வைத்துத்தான் செட் பண்ண வேண்டும். ராமநாதபுரத்தில் ஏசி போட்ட வரவேற்பறையும் காபி மெஷினும் வைத்திருக்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்கு இது தெரியவில்லை. உச்சிப்புளியில் தகரக் கொட்டகைக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்குத் தெரிந்திருக்கிறது. இந்தத் தடவை ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் போய் வந்ததில் எழுத வேண்டும் என்று தோன்றியது இது ஒன்றுதான். பேங்க் வேலை, பத்திர ஆபீஸ் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன, அதை விடுங்கள்.

வண்டி தம்பியுடையது, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. கம்பெனியிலிருந்து வரும்போது சீட் உயரம் 805 மில்லி. தம்பிக்குக் கால் எட்டவில்லை என்று மதுரையில் ஒரு கடையில் கொடுத்து, பின்னால் குட்டையான ஷாக் இரண்டு மாட்டி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயைக் கிளாம்புக்கு மேலே ஏற்றித் தாழ்த்தியிருக்கிறான். தனியாகப் போகும்போது வண்டி அருமையாகத்தான் இருக்கிறது. பின்னால் யாரையும் ஏற்றும் பழக்கம் அவனுக்கு இல்லை. நான் அம்மாவை ஏற்றினேன்.

அம்மாவுக்குத் தனுஷ்கோடி தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனையைப் பார்க்க ஆசை. 2017-ல் அங்கே வரை ரோடு போட்ட பிறகு ஊரே போய் வந்துவிட்டது, அவர் மட்டும் போகவில்லை. முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேனில் தனுஷ்கோடி போன காலத்து நினைப்பிலேயே இருந்தார். காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். "பாம்பன் பாலத்துல காத்து வாங்கிட்டுப் போகணும்ப்பா, கார்ல கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போறதுக்கு வீட்லயே இருக்கலாம்" என்றார்.

ராமநாதபுரத்துக் கேணிக்கரையைக்கூடத் தாண்டவில்லை, முதல் வேகத்தடையிலேயே டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் 'சரக்' என்று உரசியது. அடுத்ததில் அம்மா "யய்யா!" என்று என் தோளை இறுக்கிப் பிடித்தார். இந்திய சாலைப் பேரவை சொல்கிற வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருக்களில் இருப்பவை அந்த உயரத்தை அரை மீட்டர் அகலத்துக்குள் ஏறி இறங்குகின்றன. வெள்ளைக் கோடும் கிடையாது. ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் இப்படி ஒரு மேட்டை ரோட்டில் போட்டால் மறுநாளே நகராட்சிக்குக் கடிதம் போகும். இங்கே அதைத் தாண்டிப் போகும் வழியைத் தெரிந்துவைத்திருப்பதுதான் வண்டி ஓட்டத் தெரிவது என்றாகிவிட்டது. அறுபத்தைந்து வயது முதுகெலும்புக்கு அந்த வழி எதுவும் உதவாது.

வண்டியைத் திருப்பி சர்வீஸ் சென்டரில் விட்டேன். "வெளி ஷாக் மாட்டியிருக்கு சார், வாரண்டி வராது" என்றார்கள். நியாயம்தான். தொட மாட்டோம் என்று அத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. "டைட் வச்சுட்டா சரியாயிடும்" என்று உள்ளே கொண்டுபோனார்கள். எத்தனை கிலோ ஆள் ஏறப் போகிறார் என்று கேட்கவில்லை. அளக்கவில்லை. மாலையில் பில்லோடு வண்டி வந்தது. ஓட்டிப் பார்த்தால் வளைவில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. குனிந்து பார்த்தேன். வலது ஷாக்கின் காலர், அதாவது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் மரை வளையம், நாலைந்து சுற்று ஏறியிருக்கிறது, பளபளவென்று புது மரை தெரிகிறது. இடது பக்கம் உப்புக்காற்றில் துருப் பிடித்து இறுகிப்போன காலர், இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்ற வரவில்லை, விட்டுவிட்டார்கள். சொல்லவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாத ஷாக்கோடு, பின்னால் ஒரு அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது போகச் சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். இதை என்னால் இன்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜெர்மனியில் தனி அனுமதிச் சான்று இல்லாத ஷாக்கை மாட்டினால் அதைப் பரிசோதித்து வண்டியின் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கட்டாயச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், சான்றும் இல்லாமல் பத்திரத்திலும் இல்லாத ஷாக் அங்கே மாட்டிக்கொள்ளும். அந்தக் கெடுபிடியை அங்கே இருக்கும்போது எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்த இடது காலரைப் பார்த்த பிறகு திட்ட மனம் வரவில்லை.

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்பைச் சொன்னது தங்கச்சிமடத்துச் சித்தி மகன். அம்மாவை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, வண்டியைத் தனியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி யார் அப்பு உக்காரப் போறது?" அம்மா பஸ்ஸில் வருகிறார் என்றேன். "அப்ப வரட்டும். அவுக வராம என்னத்த அளக்குறது?"

துருப் பிடித்த காலரில் டீசலை ஊற்றி ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துச் சுத்தம் பண்ணினார். ஷாக் தண்டை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீல் கசியவில்லை. மெயின் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு நேர் மேலே மட்கார்டில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கிருந்து ஆக்சில் வரை இரும்பு ஸ்கேல் வைத்து அளந்து, சுவரில் எழுதினார்.

அம்மா வந்து இறங்கினார். "நீங்க எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்கக்கா." சேலையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு காலும் இடது பக்கம் போட்டு அம்மா உட்கார்ந்தார். நான் முன்னால். அம்மா மடியில் அவருடைய பை. அதையும் வைத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். ஒரு பையன் வண்டியை நேராகப் பிடிக்க, திரும்ப அளந்தார். 42 மில்லி இறங்கியிருந்தது. இந்தக் குட்டை ஷாக்கில் மொத்த அசைவே 70 மில்லிதான். ஆள் ஏறியதுமே பாதிக்கு மேல் போய்விட்டால் வேகத்தடைக்கு என்ன மிச்சம் இருக்கும்? மூன்றில் ஒரு பங்கு இறங்கலாம், மிச்சம் பள்ளத்துக்கு வேண்டும் என்பது அவர் கணக்கு. ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான், அதைப் போடுவதற்குப் பல வாரம் முன்னாலேயே நேரம் வாங்க வேண்டும்.

இரண்டு பக்கமும் காலரை முதலில் சமமாக்கி, ஹூக் ஸ்பேனரால் எட்டுச் சுற்று ஏற்றினார். திரும்ப உட்காரச் சொன்னார். 30 மில்லி, அவர் கணக்குக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்தான். "இதுக்கு மேல ஏத்தலாம், ஆனா வேணாம். காலரை ஏத்துனா ஸ்பிரிங்கு கட்டியாகாது அப்பு, வண்டி உக்கார்ற உசரந்தான் மாறும். இது ஒத்தை ஆளுக்கு வச்ச ஸ்பிரிங்கு." இவ்வளவு தெளிவாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே செயினையும் விரலால் தூக்கிப் பார்த்தார். வண்டி அமுங்க அமுங்க செயின் இறுகும். ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து இறுக்கிய செயின், டபுள்ஸ் போகும்போது கம்பி மாதிரி ஆகிவிடும். எங்கள் செயின் அப்படித்தான் இருந்தது, தளர்த்தினார். பின் டயரில் டபுள்ஸுக்கான காற்று வைத்தார். பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும் என்று சுவரில் வெளிச்சம் விழும் இடத்தைப் பார்த்து இறக்கினார். கடைசியாக, காலர் முதலில் இருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு புள்ளி, இப்போது இருக்கும் இடத்தில் இரண்டு புள்ளி. தனியாகப் போனால் ஒரு புள்ளிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். கேட்டது 250 ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

பாலத்தின் நடுவில் நிறுத்தி, பக்கத்தில் 2025-ல் திறந்த புது ரயில் பாலத்தை அம்மா ஆசை தீரப் பார்த்தார். பாலத்து இணைப்புகளில் லேசாகத் தூக்கிப் போட்டது, டயர் எங்கும் உரசவில்லை. தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடந்த இடங்களில் மட்டும் அம்மாவை இறக்கி நடக்க வைத்தேன். திரும்பி வந்ததும் அண்ணன் சொன்னபடி ஷாக்கையும் செயினையும் நல்ல தண்ணீரில் கழுவினேன்.

கம்பெனி ஷாக் இரண்டும் கட்டிலுக்கு அடியில் பேப்பர் சுற்றிக் கிடக்கின்றன. அதையே திரும்ப மாட்டிவிட்டு, உயரத்தைக் குறைக்க சீட்டு ஸ்பாஞ்சை மட்டும் செதுக்கலாம் என்றும் அண்ணன் சொன்னார். மட்கார்டில் உரசிய தடத்தைத் தம்பியிடம் காட்டினேன். சரி என்றிருக்கிறான். அவன் பாரதி நகரில் சீட்டு தைக்கிற ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறான், நான் அதற்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.